பேய்க்கதை பப் நடை: பணம் கட்டும் முன் என்ன கேட்க வேண்டும்?

கேள்வி: அலுவலக நண்பர்கள் சிலர் சிங்கப்பூர் நகர மையத்தில் நடக்கும் 'பேய்க்கதை பப் நடை' ஒன்றுக்குப் பதிவு செய்யப் போகிறார்கள். மூன்று மணி நேரம், மூன்று பப், வழியெல்லாம் பேய்க்கதை. ஆளுக்கு 80 வெள்ளிக்கு மேல் ஆகும்போல் இருக்கிறது. எனக்கு இந்த ஊரின் பழைய கதைகள் பிடிக்கும், ஆனால் குடிக்கும் பழக்கம் இல்லை. ஆவிகள் வந்துபோகும் காலம் என்று சீனர்கள் கருதும் ஏழாம் மாதம் வரப்போகிறது, இந்த நேரத்தில் ஏன் போகிறாய் என்று அத்தை கேட்கிறார். போகலாமா? எதைப் பார்த்துப் பதிவு செய்வது?
- ஒரு வாசகி, செங்காங்

பதில்: தாராளமாகப் போகலாம். நீங்கள் குடிக்காதவர் என்பது இதில் ஒரு குறையே இல்லை. மூன்றாவது பப்பை எட்டும்போது கதையில் பாதியைத் தவறவிட்டிருக்கும் நண்பர்களைவிட உங்களுக்குத்தான் கொடுத்த காசுக்குப் பலன் அதிகம். இருட்டிய பிறகு நகர மையத்தில் ஆட்களை அழைத்துச் சென்று கதை சொல்வது என் தொழில். அதை வைத்துச் சொல்கிறேன்: அந்த 80 வெள்ளியை நீங்கள் கதை சொல்பவருக்காகத்தான் கொடுக்கிறீர்கள். பீர் எந்தக் கடையிலும் கிடைக்கும். இந்தச் சந்தில், இந்தத் தூணருகே என்ன நடந்தது என்று தெரிந்து சொல்லும் ஆள் அவ்வளவு எளிதில் கிடைக்கமாட்டார்.

அதனால் ஏற்பாட்டாளரிடம் முதலில் கேட்க வேண்டியது, "அன்றைக்கு எங்களை அழைத்துப் போகிறவர் யார்?" என்பதுதான். சிங்கப்பூரில் கட்டணம் வாங்கிக்கொண்டு வழிகாட்டுகிறவர் பயணத்துறைக் கழகத்தின் உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிம அட்டை வேலை நேரத்தில் பார்வையில் படும்படி இருக்க வேண்டும். உரிமம் இல்லாமல் கட்டண வழிகாட்டியாக வேலை செய்வது குற்றம். பெயரைக் கேட்டதும் தயங்கி, "அன்றைக்கு யாராவது வருவார்கள்" என்று பதில் வந்தால் வேறு நடையைப் பாருங்கள்.

அடுத்தது, கதையை எங்கே நின்று சொல்வார்கள் என்று கேளுங்கள். பப்புக்குள் சொல்வோம் என்றால் எனக்குத் தயக்கம்தான். வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணிக்குப் பாட்டும் பந்தாட்ட ஒளிபரப்பும் ஓடும் இடத்தில் எந்தக் கதை காதில் விழும்? நல்ல நடையில் கதை தெருவில் நடக்கும்: பின்சந்தில், பழைய கடைவீடுகளின் முன்கூரைக்குக் கீழே ஓடும் ஐந்தடிப் பாதையில், மரத்தடியில். பப், கால் ஆறவும் கேட்டதைப் பேசிப் பார்க்கவும் ஓர் இடம், அவ்வளவுதான். எத்தனை பேர் வருவார்கள் என்பதும் முக்கியம். பதினைந்து பேரைத் தாண்டினால் பின்னால் நிற்பவர்களுக்கு வழிகாட்டியின் கைச்சைகை மட்டுமே மிஞ்சும்.

பானம் கட்டணத்தில் அடக்கமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அடக்கம் என்றால் மதுவுக்குப் பதில் பழச்சாறோ மது கலக்காத காக்டெயிலோ தருவார்களா, குடிக்காதவருக்குக் கட்டணம் குறையுமா என்றும் கேளுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம். அடக்கம் இல்லை என்றால் கணக்கு வேறு. விலைப்பட்டியலில் 15 வெள்ளி என்று போட்டு, பக்கத்தில் பிளஸ் பிளஸ் இருந்தால் 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் அதன்மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் ஏறி 18 வெள்ளியைத் தொட்டுவிடும். மூன்று பப்புக்கு 54 வெள்ளி, நடைக் கட்டணம் தனி. நண்பர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இனி கதைகளுக்கு வருவோம். இந்த வகை நடை யார்க், எடின்பரோ போன்ற பிரிட்டிஷ் நகரங்களில் ஊறிப்போன ஒன்று. அங்கே பப்பே சில நூற்றாண்டுப் பழசாக இருக்கும். அதன் நிலவறை, மாடிப்படி, பழைய முதலாளியின் ஆவி என்று கதை கடைக்குள்ளேயே கிடக்கும். இங்கே அப்படி இல்லை. நம் ஆற்றோரப் பப்புகளின் கட்டடங்கள் பழையவை, பப்புகள் புதியவை. போட் கீயில் இருந்தவை சரக்குக் கிட்டங்கிகளும் வணிகர் கடைகளும். 1977 முதல் 1987 வரை ஆற்றைச் சுத்தம் செய்தபோது தோணிகள் இடம் மாறின. 1989ல் அந்த வரிசைக்குப் பழைமைப் பாதுகாப்புத் தகுதி கிடைத்தது, அதன் பிறகுதான் மதுக்கூடங்கள் வந்து நிறைந்தன. ஆகவே, "நூறு வருஷமாக இந்தப் பப்பில் ஒரு ஆவி உட்கார்ந்து குடிக்கிறது" என்று யாராவது சொன்னால் அது வேறு ஊரிலிருந்து தூக்கிவந்த கதை. சிங்கப்பூரில் பேய்க்கதை கடைக்குச் சொந்தமில்லை, மண்ணுக்குச் சொந்தம். வழிகாட்டி அந்த மண்ணைத் தெரிந்தவரா என்பதை இதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

அந்த மண்ணில் நம்மவர்களின் தடமும் ஆழமாக இருக்கிறது. போட் கீக்குப் பக்கத்திலேயே சூலியா ஸ்திரீட். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியாக்கள் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்த ஆற்றில் சரக்குத் தோணி ஓட்டினார்கள். சற்றுத் தள்ளி மார்க்கெட் ஸ்திரீட், நகரத்தார் வட்டித்தொழில் நடத்திய கிட்டங்கிகள் இருந்த இடம். ஆற்றோரத்தில் ஒரு மணி நேரம் கதை சொல்லியும் இவர்கள் ஒருவரைக்கூடக் குறிப்பிடாத நடை, பாதிக் கதையை விட்டுவிட்ட நடை.

என்னைக் கேட்டால், உங்களுக்கு ஏற்றது பிராஸ் பாசா, சிட்டி ஹால் வட்டாரம். அங்கே செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தை வைத்து ஒரு கதை இருக்கிறது. நம் ஊர்ப் பேய்க்கதைகளில் நான் மிகவும் மதிப்பது அதைத்தான். இப்போதிருக்கும் வெள்ளைக் கட்டடத்துக்கு முன் அதே இடத்தில் இன்னொரு தேவாலயம் இருந்தது. 1845லும் 1849லும் அதன்மேல் இடி விழுந்தது. 1852ல் ஆபத்தான கட்டடம் என்று மூடினார்கள். வெள்ளைக்காரர்கள் வழிபாட்டை வேறிடத்துக்கு மாற்றியதைப் பார்த்த மக்கள், உள்ளே கெட்ட ஆவிகள் புகுந்துவிட்டன என்று பேசத் தொடங்கினார்கள். அவற்றைச் சாந்தப்படுத்த மனிதத் தலைகள் வேண்டுமாம், இரவில் ஆட்களை மடக்கித் தலையெடுக்கக் கைதிகளை அரசாங்கமே அனுப்புகிறதாம். இந்த வதந்தியால் இருட்டிய பிறகு வெளியே போகவே ஜனங்கள் அஞ்சினார்கள்.

யார் அந்தக் கைதிகள்? இந்தியாவிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்டவர்கள். சென்னை மாகாணத்தவரும் அவர்களில் இருந்தார்கள். பிராஸ் பாசா சிறையிலிருந்து வேலைக்குப் போய்வந்தவர்கள். 1862ல் அர்ப்பணிக்கப்பட்ட புதிய தேவாலயத்தைக் கட்டியதும் அவர்களே. அதன் சுவர்ப்பூச்சு மெட்ராஸ் சுண்ணாம்பு: கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சேர்த்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் விட்டு அரைத்தது. காய்ந்த பிறகு கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள். ஊரே தலைவெட்டிகள் என்று பயந்த ஆட்கள் ஊரின் மிக அழகான சுவர்களில் ஒன்றைப் பூசிவிட்டுப் போயிருக்கிறார்கள். இதைக் கேட்டுவிட்டு அந்தச் சுவரை நிமிர்ந்து பார்க்கும்போது வருகிற சிலிர்ப்புக்கு ஆவியே தேவையில்லை.

அங்கிருந்து நடை தூரத்தில் சைம்ஸ். இன்று முற்றம் முழுக்க உணவகமும் மதுக்கூடமும். முன்பு அது 1854ல் தொடங்கிய கன்னிமாடமும் பெண்கள் பள்ளியும் ஆதரவற்றோர் இல்லமும். வளர்க்க வழியில்லாதவர்கள் குழந்தைகளை விட்டுச்சென்ற சிறிய வாசல் இப்போதும் இருக்கிறது, 'நம்பிக்கை வாசல்' என்பார்கள். இரவில் குழந்தை அழும் சத்தம் கேட்கிறது என்று கதை சொல்லிப் பயமுறுத்துவது சுலபம். அந்தக் குழந்தைகளை எடுத்து வளர்த்த கன்னியாஸ்திரீகளைப் பற்றியும் சொல்கிறாரா என்று கவனியுங்கள்.

பீச் ரோடு பக்கம் திரும்பினால் போர்க்காலக் குடிமக்கள் நினைவுச்சின்னம், நான்கு உயரத் தூண்கள். ஜப்பானியர் காலத்தில் கொல்லப்பட்ட, பெயர் தெரியாத மக்களின் எலும்புகள் தாழிகளில் வைக்கப்பட்டு அதன் அடியில் இருக்கின்றன. 1967ல் திறந்தார்கள். இங்கே வேடிக்கை பேசும் வழிகாட்டியோடு நான் அடுத்த தெருவுக்குப் போகமாட்டேன். ஜப்பானிய ராணுவம் சீனர்களைக் கொன்ற சூக் சிங் படுகொலையில் தாத்தாவையோ பெரியப்பாவையோ இழந்த குடும்பங்கள் நம் அடுக்குமாடியில் பக்கத்து வீட்டில் இருக்கின்றன. 1942 அவ்வளவு தொலைவில் இல்லை. பதிவு செய்யும் முன் விளம்பரத்தைப் படித்துப் பாருங்கள். போர்க்கால மரணங்களைத் திடுக்கிட வைக்கும் சரக்காக மட்டும் எழுதியிருந்தால், நடையும் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

வாழைமரத்தில் குடியிருக்கும் மலாய்ப் பெண்பேய் போன்டியானாக், பிராங்கிபானிப் பூ வாசனை, காலி மின்தூக்கி போன்ற கதைகளும் நடுநடுவே வரும். நம் மோகினிக் கதைகளோடு வளர்ந்தவர்களுக்கு அவை புதிதாக இருக்காது. நன்றாகச் சொன்னால் ரசியுங்கள்.

சட்டத்தில் ஒன்றை மட்டும் நண்பர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை பொது இடத்தில் மது அருந்தக்கூடாது. 2015 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள சட்டம் இது, முதல் முறை சிக்கினாலே 1,000 வெள்ளி வரை அபராதம் போகும். உரிமம் பெற்ற பப்புக்குள் குடிப்பதில் சிக்கல் இல்லை. மிச்சத்தைக் கையில் ஏந்திக்கொண்டு அடுத்த பப்புக்கு நடப்பதில்தான் மாட்டிக்கொள்வார்கள். நடை முடிந்து லிட்டில் இந்தியாவான தேக்காவுக்குச் சாப்பிடப் போகும் திட்டம் இருந்தால் இன்னும் கவனம் தேவை. அங்கே சனிக்கிழமை காலை 7 மணியிலிருந்து திங்கள் காலை 7 மணி வரை, பகலிலும்கூடப் பொது இடத்தில் குடிக்கத் தடை. கேலாங்கிலும் அப்படியே. மது அருந்த 18 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பதால், யாராவது கல்லூரித் தம்பியை அழைத்துவந்தால் அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

அப்புறம், அத்தை. அவர் சொல்வதைத் தட்டிவிடாதீர்கள். ஏழாம் மாதம் பெரும்பாலும் ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் வரும். சீன அண்டை வீட்டார் மறைந்தவர்களுக்குப் படையல் வைக்கும் காலம் அது. தெருவோரம் ஊதுபத்தியும் ஆரஞ்சும் சோறும் இருக்கும், காகிதப் பணத்தின் சாம்பல் பறக்கும். இருட்டில் பேசிக்கொண்டே போகும் கூட்டம் படையலை மிதித்துவிடுவது எளிது, மனம் புண்படும். கும்பிடுகிறவர் முகத்துக்கு நேரே கைப்பேசியை நீட்டுவதும் அப்படியே. அந்த மாதம் தெருவில் போடும் கெத்தாய்ப் பாட்டுக் கச்சேரி மேடை முன் முதல் வரிசை நாற்காலிகள் காலியாக இருந்தால், அவை வந்திருக்கும் ஆவிகளுக்கானவை, உட்காரக்கூடாது. இந்த மரியாதைகளைத் தெரிந்துகொண்டு போனால் அந்த மாதம் ஊரைப் பார்க்க அருமையான நேரம். ஆனாலும் உங்கள் வீட்டில் ஒருவர் மனம் சங்கடப்படுகிறது என்றால் நடையை அக்டோபருக்குத் தள்ளுங்கள். கதைகள் எங்கும் போய்விடாது. தேவாலயத்துக் கதையை அத்தையிடம் சொல்லியும் பாருங்கள், ஒருநாள் பகலில் அவரே பார்க்கக் கிளம்பலாம்.

நாளைத் தேர்ந்தெடுக்கும்போது செவ்வாயோ புதனோ பாருங்கள். பப்பில் இரைச்சல் குறைவு, வழிகாட்டிக்கும் நிதானம் இருக்கும். இங்கே ஆண்டு முழுவதும் ஏழு மணி வாக்கில்தான் சூரியன் மறைகிறது. ஆறு மணிக்குத் தொடங்கும் நடையில் முதல் இரண்டு கதைகள் வெளிச்சத்திலேயே தீர்ந்துவிடும், ஏழரை மணி நடை நல்லது. இரவு உணவை முடித்துக்கொண்டு போங்கள், வெறும் வயிற்றோடு வரும் நண்பர்களையும் முதலில் கோப்பிக்கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். பிடிமானமுள்ள செருப்பு அவசியம், மழையில் ஐந்தடிப் பாதையின் ஓடுகள் வழுக்கும். மழை வந்தால் நடை ரத்தா, வேறு நாளா, பணம் திரும்புமா என்பதையும் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கார் வேண்டாம், குடிக்காத ஆள் என்று எல்லோரையும் வீட்டில் இறக்கிவிடும் பொறுப்பு உங்கள் தலையில் விழும். நடை எங்கே முடிகிறது என்று கேளுங்கள். கிளார்க் கீ அருகே முடிந்தால் வடகிழக்கு ரயில் பாதையில் ஏறி நேராகச் செங்காங்கில் இறங்கிவிடலாம். சிட்டி ஹால் பக்கம் முடிந்தால் டோபி காட்டில் மாற வேண்டும். கடைசி ரயில்கள் நள்ளிரவை ஒட்டிப் புறப்பட்டுவிடும், அதனால் பதினொன்றரைக்கெல்லாம் நிலையத்தில் இருங்கள்.