பதிமூன்றா, பதினைந்தா? – ஒரு கடிதம்

அன்புள்ள சார்,

உங்கள் தளத்தைப் பல வருடமாக வாசிக்கிறேன், கடிதம் எழுதுவது இதுதான் முதல்முறை. இலக்கியக் கேள்வி இல்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பவள். என் பழைய லேப்டாப் 15.6 அங்குலத் திரை, இரண்டு கிலோவுக்கு மேல் கனம். கீல் உடைந்துவிட்டதால் மூடியை அகராதியில் சாய்த்து வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ஆப்பிளின் மாக்புக் ஏர் லேப்டாப் வாங்குவது என்று முடிவாகிவிட்டது, பணமும் சேர்த்துவிட்டேன். 13 அங்குலமா 15 அங்குலமா என்பதில்தான் மாதக்கணக்காக நிற்கிறேன். 13 போதும், மிச்சப் பணத்தில் வீட்டுக்கு ஒரு மானிட்டர் வாங்கிக்கொள் என்கிறான் மகன். இத்தனை பணம் கொடுத்துச் சின்னத் திரை எதற்கு என்கிறார் கணவர். யூடியூபில் பார்த்தால் எல்லாரும் கடைசியில் "உங்கள் தேவையைப் பொறுத்தது" என்று சொல்லிக் கழன்றுகொள்கிறார்கள்.

என் வேலை இப்படி: திரையில் இடப்பக்கம் ஆங்கில பிடிஎஃப், வலப்பக்கம் என் தமிழ்க் கோப்பு. தனி மேஜை கிடையாது. காலையில் சாப்பாட்டு மேஜை, மதியம் கட்டில், ராத்திரி எல்லாரும் தூங்கியபின் கூடத்து நாற்காலி. மாதம் ஒருமுறை, சில மாதம் இருமுறை, பதிப்பக வேலையாகக் கோவையிலிருந்து சென்னைக்குப் பகல் ரயிலில் போய்வருகிறேன். வயது 48, வெள்ளெழுத்து, பைஃபோகல் கண்ணாடி. 13 எடுத்தால் எழுத்து சின்னதாகத் தெரியுமோ என்று ஒரு பயம், 15 எடுத்தால் ரயிலில் விரிக்கவே முடியாதோ என்று இன்னொரு பயம். 15 என்றால் பழைய பையே போதுமா என்பதையும் சொல்லுங்கள்.

வி., கோவை

அன்புள்ள வி.,

15 வாங்குங்கள். இதோடு நிறுத்திக்கொள்ளலாம், ஆனால் மகனிடம் பேச உங்களுக்குக் காரணங்கள் தேவைப்படும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் உங்கள் மகன் சொல்வதையே எடுத்துக்கொள்வோம். தப்பான யோசனை இல்லை, பத்தில் எட்டுப் பேருக்கு நானும் அதைத்தான் சொல்வேன். 2025 மார்ச்சில் எம்4 சிப்போடு வந்தபோது 13-க்கு 99,900 ரூபாய், 15-க்கு 1,24,900 ரூபாய் என்று அறிவித்தார்கள். நடுவில் இருக்கிற 25,000 ரூபாயில் ஒரு நல்ல 27 அங்குல மானிட்டர் வந்துவிடும், தேடிப்பார்த்தால் கீபோர்டும் சேர்ந்தே வரும். நானே அப்படித்தான் வைத்திருக்கிறேன், வெளியே போக 13, வீட்டில் மேஜைமேல் மானிட்டர். ஆனால் உங்கள் வீட்டில் அந்த மானிட்டரை எங்கே வைப்பது? காலையில் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டுப் பன்னிரண்டு மணிக்குச் சோறு பரிமாறத் தூக்கி இறக்குவதா? அது தனக்கென்று ஒரு மேஜையும், சாத்திக்கொள்ள ஒரு கதவும் உள்ளவர்களுக்கான யோசனை. யூடியூபில் லேப்டாப் பற்றிப் பேசுகிறவர்களுக்குப் பின்னால் எப்போதும் ஒரு பெரிய மேஜையும் ஊதா விளக்கும் இருக்கும், கவனித்திருப்பீர்கள். மொழிபெயர்த்துச் சம்பாதிக்கிற ஒருவருக்கு வீட்டில் ஒரு மேஜை இல்லை என்பதைப் பற்றிச் சொல்ல எனக்கு வேறு சில விஷயங்கள் உண்டு, அதை உங்கள் கணவருக்குத் தனியாக எழுதலாம்.

பைஃபோகல் போடுகிறவர்களுக்கு மானிட்டரில் இன்னொரு தொல்லையும் இருக்கிறது. கிட்டத்தில் உள்ளதைப் பார்ப்பதற்கான கண்ணாடித் துண்டு கீழே இருப்பதால், கண்ணுக்கு நேராக நிற்கிற மானிட்டரைப் படிக்க மோவாயைத் தூக்கிக்கொண்டே உட்கார வேண்டியிருக்கும், சாயங்காலம் கழுத்து பிடித்துக்கொள்ளும். லேப்டாப் திரை எப்போதும் கண்ணுக்குக் கீழேதான் இருக்கிறது, இந்த ஒரு விஷயத்தில் அது உங்களுக்கு அனுகூலம்.

அடுத்து எழுத்து. இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பெரிய திரையில் எழுத்தும் பெரிதாகத் தெரியும் என்று நினைக்கிறோம், இந்த இரண்டு ஏரிலும் அப்படி இல்லை. இரண்டு திரையிலும் ஓர் அங்குலத்துக்கு 224 புள்ளிகள்தான். 13 என்று சொல்லப்படுவது உண்மையில் 13.6 அங்குலம், 2560×1664 புள்ளிகள். 15 என்பது 15.3 அங்குலம், 2880×1864. அதாவது பெரியதில் அதே நெருக்கத்தில் இன்னும் கொஞ்சம் புள்ளிகள் கூடுதலாக இருக்கின்றன, அவ்வளவுதான். கடையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பெட்டியிலிருந்து எடுத்தபடியே இருக்கும்போது 15-இல் மெனு எழுத்து 13-இல் இருப்பதைவிட ஒரு நூலளவு சின்னதாகக்கூட இருக்கும். வெள்ளெழுத்துக்காக 15 வாங்கிவிட்டு அப்படியே வைத்துக்கொண்டால் காசு தண்டம். அமைப்புகளில் திரைப் பகுதிக்குப் போய் எழுத்தை ஒரு படி பெரிதாக்குங்கள். எழுத்து பெரிதாகும், ஆனால் திரையில் கொள்ளுகிற சமாச்சாரம் குறையும். 13-இல் இதைச் செய்தால் இரண்டு கோப்புகளைப் பக்கவாட்டில் வைக்கிற உங்கள் வேலைக்கு இடம் பத்தாது. 15-இல் அதே படியைச் செய்த பிறகும், மகன் 13-இல் சாதாரணமாகப் பார்க்கிற அளவுக்கு இடம் மிச்சம் இருக்கும். நீங்கள் கூடுதலாகக் கொடுக்கிற 25,000 ரூபாய் இதற்குத்தான்.

உங்கள் பழைய 15.6-ஐ விட்டு இறங்குகிறோமே என்ற கவலையும் கடிதத்தில் தெரிகிறது. அங்குலக் கணக்கு மூலைக்கு மூலை அளப்பது, அதை நம்பக்கூடாது. பழைய திரை அகலப் படம் பார்க்கிற வடிவம்: சுமார் 34.5 சென்டிமீட்டர் அகலம், 19.4 உயரம். ஏர் 15 திரை 32.7 அகலம், 21.1 உயரம். பெயரளவில் சின்னது, பரப்பில் பழையதைவிடக் கொஞ்சம் பெரிது, அந்தக் கூடுதல் முழுக்க உயரத்தில் வருவதால் பக்கத்தில் இரண்டு மூன்று வரி அதிகம் தெரியும். 13-இன் திரை 29 அகலம், 18.9 உயரம். உயரத்தில் உங்கள் பழையதைவிட அரை சென்டிமீட்டர்தான் குறைவு. நாவல் எழுதுகிற என்னைப் போன்றவர்களுக்கு ஒரே ஒரு கோப்பு நடுவில் திறந்திருந்தால் போதும், எனக்கு அகலம் குறைந்ததே தெரியவில்லை. உங்களுக்குத் தெரியும். ஏனென்றால் நீங்கள் அதைப் பாதியாக வெட்டுகிறீர்கள்.

வெட்டினால் 13-இல் ஒரு பக்கத்துக்குப் பதினாலரை சென்டிமீட்டர், 15-இல் பதினாறேகால். இதில் ஓரம், சுருள்பட்டை எல்லாம் போகும். ஆங்கிலத்துக்கு இது பெரிய வித்தியாசம் இல்லை, குட்டிக் குட்டிச் சொற்கள், எப்படியாவது ஒடுங்கிக்கொள்ளும். தமிழில் "வந்துகொண்டிருந்தபோதிலும்" என்று ஒரு சொல் வந்தால் குறுகிய பத்தியில் அது வரியில் மூன்றில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்ளும், இடம் போதாவிட்டால் அடுத்த வரிக்குத் தாவிவிடும், மேல் வரியில் பல் விழுந்த மாதிரி ஓட்டை. எழுத்தைப் பெரிதாக்கியிருந்தால் இன்னும் மோசம். வாக்கியத்தின் ஓட்டம் கண்ணுக்குத் தெரியாமல் சொல் சொல்லாகப் படிக்க ஆரம்பித்துவிடுவோம், மொழிபெயர்ப்பில் அது எவ்வளவு கெடுதல் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆங்கிலப் பக்கத்தைக் கொஞ்சம் ஒடுக்கித் தமிழுக்கு அகலம் கொடுங்கள், 15-இல் அப்படிச் செய்ய இடம் இருக்கிறது.

ஒரு நல்ல சேதி, இது இரண்டுக்கும் பொது. உங்கள் பழைய திரை அந்தக் காலத்து 1366×768 ஆக இருந்தால் அங்குலத்துக்கு 100 புள்ளிதான். அதில் மெய்ப்பு பார்க்கும்போது ர எது, கால் எது என்று கண் தடுமாறும், 'ண'வுக்கும் 'ன'வுக்கும் சுழி ஒட்டிக்கொள்ளும். 224-க்கு வந்தால் ரகரத்தின் கீழே உள்ள அந்தச் சின்ன சாய்கோடு அச்சில் தெரிவதுபோலத் தெரியும். முதல் வாரத்திலேயே பழைய கோப்புகளில் எத்தனை பிழை விட்டிருக்கிறோம் என்று பார்த்து வயிற்றெரிச்சல் படுவீர்கள்.

சரி, ரயில். 13-இன் கனம் 1.24 கிலோ, 15-இன் கனம் 1.51. வித்தியாசம் 270 கிராம். நீங்கள் ரயிலுக்குக் கொண்டுபோகிற தண்ணீர் பாட்டிலில் கால்வாசி குடித்தால் அது சரியாகிவிடும். அதுவும் இரண்டு கிலோவுக்கு மேல் சுமந்து பழகிய தோளுக்கு எதை எடுத்தாலும் இறக்கம்தான். (பெரிய திரை என்றால் கனம் என்று விதி ஒன்றும் இல்லை, எல்ஜி கம்பெனியின் 'கிராம்' என்ற லேப்டாப் வரிசையில் 16 அங்குலமே 1.19 கிலோவுக்கு வந்தது. நீங்கள் ஏர் என்று முடிவு செய்துவிட்டதால் அந்தப் பக்கம் போகவில்லை.) ரயிலில் தொந்தரவு கனத்தில் இல்லை. முன் சீட்டுக்காரர் ஜோலார்பேட்டை தாண்டியதும் சீட்டைச் சாய்ப்பார், அப்போது மூடியின் மேல்விளிம்பு அந்தச் சீட்டின் முதுகில் இடிக்கும், திரையை நம் பக்கம் இழுத்து அரைகுறையாக மூடிக்கொண்டு குனிந்து பார்க்க வேண்டியிருக்கும். மூடி எவ்வளவு நீளம் என்பதுதான் அங்கே கணக்கு: 13-இல் 21.5 சென்டிமீட்டர், 15-இல் 23.8. இந்த இரண்டேகால் சென்டிமீட்டர் உறுத்தும், இல்லை என்று சொல்லமாட்டேன். கூரியர் அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து 34-க்கு 24, 30-க்கு 21.5 என்று இரண்டு துண்டு வெட்டி அடுத்த முறை பையில் போட்டுக்கொண்டு போங்கள், சீட்டுத் தட்டில் வைத்துப் பாருங்கள். உறுத்தினாலும் மாதத்தில் ஒன்றிரண்டு பகல் உறுத்தும். மற்ற நாளெல்லாம் கட்டிலும் சாப்பாட்டு மேஜையும்தான். ரயிலுக்காக லேப்டாப் வாங்கிவிட்டு வீட்டில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்காரக்கூடாது.

ஆப்பிள் இந்த மாதிரி இரண்டு அளவில் ஏர் கொடுப்பது புதிதல்ல. 2010-இல் 11.6 அங்குலத்திலும் 13.3 அங்குலத்திலும் விட்டார்கள். சின்னது 1.06 கிலோதான், கைப்பைக்குள் போகும், ஆனால் திரை உயரம் 768 புள்ளி. மெனுவும் கருவிப்பட்டையும் போக எழுதுவதற்கு ஒரு ஜன்னல் விரிசல் மிச்சம். எழுத்தும் பெரியதைவிடப் பொடியாக இருந்தது. அதை வைத்திருந்தவர்கள் உயிராக வைத்திருந்தார்கள் என்பது வேறு விஷயம், 2016-இல் நிறுத்தியபோது இரங்கல் குறிப்பு எழுதாததுதான் பாக்கி. இப்போதைய 13 அந்த மாதிரி இல்லை, நல்ல கருவி. உங்கள் வேலைக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

மீதி எதிலும் மண்டையைப் போட்டு உடைக்க வேண்டாம். கீபோர்டு இரண்டிலும் ஒரே அளவு. பெரியதில் பேட்டரி பெரிது, அதைப் பெரிய திரை சாப்பிட்டுவிடுகிறது, கடைசியில் இரண்டுக்கும் 18 மணிநேரம் என்று ஒரே கணக்கைத்தான் கொடுக்கிறார்கள். இரண்டிலும் விசிறி இல்லை, ராத்திரிக் கூடத்தில் சத்தமே இருக்காது. பெரியதில் ஆறு ஸ்பீக்கர், சின்னதில் நாலு, பாட்டு கேட்பவராக இருந்தால் சந்தோஷப்படுங்கள். சேமிப்பிடம் இருப்பதிலேயே குறைந்த அளவே போதும், சொற்கோப்புகள் அதை நிரப்பவே நிரப்பாது. அதற்குமேல் ஏறச் சொல்லிக் கடைக்காரர் வற்புறுத்தினால் அந்தப் பணத்தில் மடக்கி வைக்கிற மாதிரி ஒரு கட்டில் மேஜை வாங்குங்கள். மெத்தைமேல் வைத்துக் குனிந்து வேலை பார்ப்பது எந்தத் திரையாக இருந்தாலும் முதுகுக்கு ஆகாது.

பழைய பை தாராளமாகப் போதும். 15.6-க்குத் தைத்த அறையில் ஏர் 15 அகலத்தில் கொஞ்சம் ஆடும், தடிமன் 11.5 மில்லிமீட்டர்தான் என்பதால் மேலும் கீழும் ஆடும். மெல்லிய உறை ஒன்று போட்டுவிட்டால் சரியாக உட்காரும், சார்ஜரை மட்டும் அதே அறையில் திணிக்காதீர்கள், மூடியில் கோடு விழும்.