கூத்து, நடன வகுப்பில் 'எல்லாரையும் உள்ளடக்கிய பயிற்சி' என்றால் என்ன?

உடற்குறை உள்ளவர்களும், ஆட்டிசம் போல மூளை வேறு விதமாக இயங்கும் பிள்ளைகளும் மற்றவர்களோடு சேர்ந்தே பழகும்படி, சொல்லிக்கொடுக்கும் முறையை மாற்றுவதுதான் அது. மாற வேண்டியது பிள்ளை அல்ல.

காரணம் எளிது. தடை பெரும்பாலும் கற்பிக்கும் வழியில்தான் இருக்கிறது. மட்டக்களப்பு மண்முனையில் 2014இல் பாலம் திறக்கும்வரை வாவியைக் கடக்கப் 'பாதை' என்ற மிதவைப் படகுக்குக் காத்து நின்றோமே, அது எங்கள் கால்களின் குறையா?

மட்டக்களப்புக் கூத்தையே பாருங்கள். தாளக்கட்டை, அதாவது ஆட்டத்துக்கான தாளச் சொற்களை, கூத்துப் பழக்கும் ஆசிரியரான அண்ணாவியார் வாயால் சொல்வார், மத்தளத்தில் அடிப்பார், ஆடுபவர் காலால் மிதிப்பார். ஒரே பாடத்துக்கு மூன்று வாசல்! காது கேளாதவர் மத்தளத்தில் கைவைத்து அதிர்வைப் பிடிக்கலாம். சக்கர நாற்காலியில் வருபவர் சதங்கையைக் கையில் கட்டலாம். கூத்தாடும் வட்ட மேடையான வட்டக்களரியைச் சுற்றிவரச் சக்கரம் தடையில்லை, தரை சமமாக இருந்தால் போதும். சத்தம் தாங்காத பிள்ளையை மத்தளத்திலிருந்து தள்ளி நிறுத்தி, அடுத்து என்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். திடீரென்று கத்துவதை விட்டாலே பாதி வேலை முடிந்தது என்பேன். அப்புறம், சட்டம் கொடுக்கும்போது, அதாவது அவரவர் பாத்திரத்துக்கான பாட்டை எழுதிக் கொடுக்கும்போது, அந்தப் பாட்டைப் போனிலும் பதிந்து கொடுங்கள். எல்லாருக்குமே உதவும்.

இலங்கை 2016இல் ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. உடன்படிக்கையும் கலையில் பங்கெடுப்பதை உரிமை என்றே சொல்கிறது.

சரி, இதனால் தரம் குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, தாளம் பிழைத்தால் இந்தப் பிள்ளைகளையும் திருத்தத்தான் வேண்டும்.