பல்ப் டப்பாவில் எதைப் பார்த்து வாங்குவது? எல்இடி விளக்குகள் பற்றி வாசகர் கேள்விகள்

வீட்டு வயரிங் வேலையில் பல வருடங்களாக இருப்பவன் என்பதால் விளக்கு பற்றிய கேள்விகள் என்னிடம் நிறைய வரும். அவற்றில் பலருக்கும் பயன்படும் என்று தோன்றிய சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

வீடு முழுக்க எல்இடி மாற்றிவிட்டேன். கரண்ட் பில் பெரிதாகக் குறையவில்லையே, ஏன்?
— வாசகர், திருநெல்வேலி

நீங்கள் எதை எடுத்துவிட்டு எல்இடி போட்டீர்கள் என்பதில்தான் விடை இருக்கிறது. 60 வாட் குண்டு பல்ப் தினமும் ஐந்து மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்தில் 18 யூனிட் ஆகும். அதே இடத்தில் 9 வாட் எல்இடி 2.7 யூனிட்டோடு நின்றுவிடும். இது பில்லில் கண்ணுக்குத் தெரிகிற மிச்சம். ஆனால் 14 வாட் சிஎஃப்எல்லை எடுத்துவிட்டு 9 வாட் எல்இடி போட்டிருந்தால், இரண்டு மாதத்துக்கு ஒரு பல்புக்கு ஒன்றரை யூனிட்தான் குறையும். அது பில்லில் எங்கே தெரியப்போகிறது?

இனி பார்க்கவேண்டியது மின்விசிறியை. பழைய 75 வாட் மின்விசிறி ஒன்று நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 67 யூனிட்டுக்கு மேல். குறைந்த கரண்ட்டில் ஓடும் புது வகை மோட்டார் உள்ள 30 வாட் பிஎல்டிசி மின்விசிறி என்றால் 27 யூனிட். வீட்டில் மூன்று மின்விசிறி இருந்தால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டை ஒட்டி நிற்கும் வீடுகளுக்கு இது ரொம்ப முக்கியம். அந்தக் கோட்டைத் தாண்டினால் மேலே உள்ள யூனிட்டுகளுக்கு மட்டுமல்ல, கீழ்ப்படிகளுக்கான கட்டண விகிதமும் மாறிவிடுகிறது.

இன்னொன்று. படுக்கையறையில் ராத்திரி முழுக்க எரியும் பழைய ‘ஜீரோ வாட்’ பல்ப் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். பெயர்தான் ஜீரோ. உள்ளே இழை இருக்கும் பழைய வகை 12 முதல் 15 வாட் வரை இழுக்கும். ராத்திரி ஒன்பது மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்துக்கு 8 யூனிட் வரை ஆகும். ஹாலில் எரியும் 9 வாட் எல்இடியைவிட அதிகம்! அரை வாட் எல்இடி இரவு விளக்கு போட்டால் கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான்.

இரண்டுமே 9 வாட். ஒன்று மலிவு, இன்னொன்று கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விலை. வெளிச்சம் ஒன்றுதானே, எதற்கு அதிகம் கொடுக்கவேண்டும்?
— வாசகி, கும்பகோணம்

வெளிச்சம் ஒன்றாக இருக்காது, அம்மா. வாட் என்பது அந்த பல்ப் எவ்வளவு கரண்ட் சாப்பிடுகிறது என்பதற்கான அளவு. எவ்வளவு வெளிச்சம் கொடுக்கிறது என்பதற்கு லூமன் என்று வேறு அளவு இருக்கிறது. குண்டு பல்ப் காலத்தில் 60 வாட் என்றால் எல்லா நிறுவன பல்பும் ஏறக்குறைய ஒரே வெளிச்சம்தான். அதனால் வாட்டையே வெளிச்சமாகப் பேசிப் பழகிவிட்டோம். எல்இடியில் அது செல்லாது. ஒரு 9 வாட் பல்ப் 900 லூமன் தரும், இன்னொன்று 700 தரும். இரண்டுக்கும் பில் ஒன்றுதான்.

கடையில் டப்பாவைத் திருப்பி லூமன் எண்ணைத் தேடுங்கள். அதை வாட்டால் வகுத்தால் 90க்குக் குறையாமல் வரவேண்டும். 100க்கு மேல் வந்தால் நல்ல பல்ப். லூமனே போடாத டப்பாவை அப்படியே கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடலாம். அப்புறம், ஐஎஸ் 16102 என்ற தர எண்ணும், ‘ஆர்’ எழுத்தில் தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இந்தப் பதிவு கட்டாயம். பிஇஇ என்ற மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு தரும் நட்சத்திர லேபிளும் இருக்கவேண்டும். நட்சத்திரம் கூடக்கூட ஒரே வாட்டுக்குக் கிடைக்கும் லூமன் கூடும்.

அதற்காக மலிவு என்றாலே மட்டம் என்று நான் சொல்லமாட்டேன். 2015 ஜனவரியில் மத்திய அரசின் உஜாலா திட்டம் தொடங்கியபோது வெளிக்கடையில் ஒரு எல்இடி பல்ப் முந்நூறு ரூபாய்க்கு மேல். திட்டத்தில் அதையே பிறகு எழுபது எண்பது ரூபாய்க்குக் கொடுத்தார்கள். மொத்தமாகக் கொள்முதல் செய்ததால் விலை இறங்கியது. நாடு முழுக்க 36 கோடிக்கு மேல் பல்புகள் அந்தத் திட்டத்தில் போயின. நல்ல பல்பைக் குறைந்த விலையில் செய்யமுடியும் என்று அது காட்டியது. பெயரே தெரியாத, பில் தராத, வாரண்டி அட்டை இல்லாத பல்பைத்தான் தவிர்க்கச் சொல்கிறேன். பில்லைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடையில் கொடுக்கும் சீட்டில் எழுத்து ஆறு மாதத்தில் மங்கிப்போகும். வாரண்டியோ பெரும்பாலும் இரண்டு வருடம்.

மாட்டிய எல்இடி எல்லாம் ஆறே மாதத்தில் போய்விடுகிறது. டப்பாவில் 25,000 மணி நேரம் என்று போட்டிருக்கிறதே?
— வாசகர், விருதுநகர்

போன பல்பை யாராவது பிரித்துப் பார்த்திருக்கிறீர்களா? மேலே இருக்கும் வெள்ளை மூடியைக் கழற்றினால் வட்டமான அலுமினியத் தகட்டில் அரிசி அளவில் மஞ்சள் சிப்புகள் வரிசையாக இருக்கும். அவை சீக்கிரம் சாவதில்லை. சாவது பெரும்பாலும் டிரைவர். அதாவது 230 வோல்ட் கரண்ட்டை சிப்புக்குத் தோதாக மாற்றிக்கொடுக்கும் சின்ன சர்க்யூட். அதில் உருளையாக ஒரு கெப்பாசிட்டர் நிற்கும். போன பல்புகளில் அதன் தலை உப்பியிருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். சூடு பத்து டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். அந்த 25,000 மணி நேரம், சூடு வெளியேற வழி இருந்தால் மட்டும்தான்.

எங்கள் வீட்டு போர்ட்டிகோவிலேயே இது நடந்தது. நாலுபக்கமும் மூடிய கண்ணாடிக் குடுவைக்குள் 12 வாட் பல்ப் போட்டேன். ஒரே வருடத்தில் மூன்று போனது. நான்காவது முறை கம்பெனியைக் குறை சொல்வதை விட்டுவிட்டு, அணைத்த கையோடு குடுவையைத் தொட்டுப் பார்த்தேன். கை வைக்க முடியவில்லை. 5 வாட் பல்புக்கு மாறினேன். வாசலுக்கு அந்த வெளிச்சம் தாராளம். நாலு வருடமாக எரிந்துகொண்டிருக்கிறது. மூடிய குடுவை, பாத்ரூம் டூம் எல்லாவற்றுக்கும் குறைந்த வாட்தான் சரி.

அடுத்து ஹோல்டரைப் பாருங்கள். மெயினை அணைத்துவிட்டு பல்பைக் கழற்றினால் உள்ளே இரண்டு பித்தளை முனைகள் ஸ்பிரிங்கில் நிற்கும். அவை கறுத்திருந்தாலோ, அழுத்தினால் எழும்பாமல் உள்ளேயே நின்றாலோ, பல்ப் எரியும்போது அங்கே கண்ணுக்குத் தெரியாமல் பொறி விடும். டிரைவருக்கு அது விஷம். முப்பது நாற்பது ரூபாய் ஹோல்டரை மாற்றாமல் நூறு ரூபாய் பல்பை மாற்றிக்கொண்டே இருக்கும் வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன், மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

இரண்டும் சரியாக இருந்தும் ஒரே ராத்திரியில் நாலைந்து பல்ப் சேர்ந்து போனால், அது பல்பின் கோளாறு இல்லை. மும்முனை இணைப்பில் நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் வயர், கழன்றால் வோல்டேஜ் 300ஐத் தாண்டி எகிறும். அன்றைக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அடுத்தது டிவியோ ஃபிரிட்ஜோ போகலாம்.

ஸ்விட்சை அணைத்த பிறகும் பல்ப் மின்மினி மாதிரி மங்கலாக எரிகிறது. பிள்ளைகள் பயப்படுகிறார்கள். ஆபத்தா?
— வாசகி, தென்காசி

சில வீடுகளில் ஆபத்தில்லை, சில வீடுகளில் ஆபத்து. எது என்று கட்டாயம் தெரிந்துகொள்ளவேண்டும்.

அந்த ஸ்விட்சில் சின்ன சிவப்பு இண்டிகேட்டர் விளக்கு இருந்தால், அது வழியாகக் கசியும் துளிக் கரண்ட்டே காரணமாக இருக்கலாம். குண்டு பல்பை எரியவைக்க அது போதாது. எல்இடிக்குப் போதும். இண்டிகேட்டர் இல்லாத ஸ்விட்ச் போட்டால் நின்றுவிடும். மாடிப்படியில் கீழே ஒன்று மேலே ஒன்று என்று இரண்டு ஸ்விட்ச் இருந்தால், நீளமாக ஒட்டிப்போகும் வயர்களுக்குள் தூண்டப்படும் மின்சாரம் காரணமாகலாம். இதுவும் பயப்படவேண்டியதில்லை. விளக்குக்குக் குறுக்கே அதற்கென்று விற்கும் சின்ன கெப்பாசிட்டர் ஒன்றை எலக்ட்ரீஷியன் போட்டுவிடுவார்.

மூன்றாவது காரணம்தான் மோசமானது. ஸ்விட்சை கரண்ட் வரும் ஃபேஸ் வயரில் போடாமல் நியூட்ரலில் போட்டிருப்பது. பழைய வீடுகளில் இது அடிக்கடி கண்ணில் படும். இதில் ஸ்விட்சை அணைத்தாலும் ஹோல்டரில் ஃபேஸ் அப்படியே உட்கார்ந்திருக்கும். ஸ்டூலில் ஏறி, அணைத்துவிட்டோம் என்ற தைரியத்தில் விரலை உள்ளே விட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, ‘ஃபேஸ் ஸ்விட்ச் வழியாகத்தான் வருகிறதா, பாருங்கள்’ என்று இதே வார்த்தையில் கேளுங்கள். பார்க்க அரை மணி நேரம் ஆகாது. அதுவரை மெயினை அணைக்காமல் அந்த பல்பைத் தொடாதீர்கள்.

சமையலறைக்கு வெள்ளையா, மஞ்சளா? கடையில் எல்லாரும் வெள்ளைதான் நல்ல வெளிச்சம் என்கிறார்கள்.
— வாசகி, தஞ்சாவூர்

வெளிச்சத்தின் நிறத்துக்கான அளவு கெல்வின். டப்பாவில் 2700 அல்லது 3000 கெல்வின் என்று இருந்தால் குண்டு பல்ப் மாதிரி மஞ்சள். 6500 என்றால் நீலம் கலந்த வெள்ளை. நம் கடைகளில் குவிந்து கிடப்பது இந்த 6500தான். நடுவில் 4000 என்று ஒன்று இருக்கிறது. கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். சமையலறைக்கு நான் சொல்வது அதைத்தான்.

வெள்ளை எல்இடியின் உள்ளே இருப்பது நீல விளக்கு. அந்த நீல எல்இடியை உருவாக்கியதற்காகத்தான் 2014இல் அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் இயற்பியல் நோபல் கிடைத்தது. நீல எல்இடியின் மேல் மஞ்சளாக ஒளிரும் பாஸ்பர் என்ற பொடியைப் பூசி வெள்ளையாக்குகிறார்கள். இந்தக் கலவையில் சிவப்பு கொஞ்சம் பின்தங்கும். மட்டமான பல்பின் கீழே தக்காளியை நறுக்கிப் பாருங்கள், பழுத்ததற்கும் செங்காய்க்கும் வித்தியாசம் தெரியாது. ராத்திரி அரக்கு என்று எடுத்துவைத்த புடவை காலையில் காப்பிப்பொடி நிறமாக இருப்பதும் இதனால்தான். நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதைச் சொல்லும் சிஆர்ஐ என்ற எண் டப்பாவில் 80க்குக் குறையாமல் இருக்கட்டும். பீரோ இருக்கும் அறைக்கும் சமையலறைக்கும் 90 கிடைத்தால் வாங்குங்கள், கொஞ்சம் விலை கூடும், ஆனால் தகும்.

நிறத்தைவிடப் பெரிய விஷயம் இடம். பெரும்பாலான சமையலறைகளில் விளக்கு நடு சீலிங்கிலோ பின்சுவரிலோ இருக்கும். நீங்கள் மேடையைப் பார்த்து நின்றால் உங்கள் நிழலே அரிவாள்மனை மேல் விழும். எத்தனை வாட் கூட்டினாலும் அந்த நிழல் போகாது. மேடைக்கு மேலே, அலமாரியின் அடிப்பக்கத்தில் இரண்டடி எல்இடி ஒன்றை மாட்டுங்கள். 10 வாட் போதும்.

பழைய டியூப்லைட் ஃபிட்டிங்கிலேயே எல்இடி டியூப் மாட்டலாமா?
— வாசகர், ஈரோடு

மாட்டலாம், ஆனால் சோக்கையும் ஸ்டார்ட்டரையும் எடுத்து வயரிங்கை மாற்றவேண்டும். அந்த வேலைக்கூலிக்கு நான்கடி 20 வாட் பேட்டன், அதாவது டியூப்பும் ஃபிட்டிங்கும் ஒன்றாகவே வரும் எல்இடி, புதிதாகவே வாங்கிவிடலாம். சில எல்இடி டியூப்களில் ஒரு முனையைச் செருகும்போதே மறுமுனையில் ஷாக் அடிக்க வாய்ப்பிருக்கிறது. அதனால் முழு பேட்டன்தான் என் சிபாரிசு. பழைய 40 வாட் டியூப் சோக்கோடு சேர்த்து 50 வாட்டுக்கு மேல் இழுத்தது. மிச்சம் நன்றாகவே தெரியும்.

புது வீட்டு ஹாலில் 16 ஸ்பாட் லைட் போடலாம் என்கிறார் ஃபால்ஸ் சீலிங் வேலை செய்பவர். எல்இடிதானே, கரண்ட் ஆகாது என்கிறார்.
— வாசகர், கோயம்புத்தூர்

12 வாட் வீதம் 16 என்றால் 192 வாட். பழைய குண்டு பல்ப் மூன்று எரிவதற்குச் சமம். அதே ஹாலுக்கு இரண்டு 20 வாட் பேட்டன் போதும். ஸ்பாட் லைட் வேண்டும் என்று ஆசைப்பட்டால் போடுங்கள், தவறில்லை. ஆனால் நான்கு நான்காகப் பிரித்துத் தனித்தனி ஸ்விட்ச் கேளுங்கள். ஒரே ஸ்விட்சில் பதினாறையும் கட்டிவிட்டால், சாவியைத் தேடக்கூட எல்லாம் எரியும். டிரைவர் தனியாக இருக்கும் வகையாக வாங்கினால், அது போகும்போது டிரைவரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

எல்இடி கண்ணைக் கெடுக்கும் என்று என் மாமியார் பழைய பல்பையே கேட்கிறார்.
— வாசகி, காரைக்குடி

வீட்டில் நாம் போடும் எல்இடி கண் பார்வையைக் கெடுக்காது. ஆனால் அவர் சொல்லும் தொந்தரவு நிஜம். வயதானவர்களுக்குக் கண் லென்ஸ் மங்கியிருக்கும். நேராகக் கண்ணில் அடிக்கும் வெள்ளை விளக்கு கூசும். அதே நேரம் படிக்கவும் மருந்துச் சீட்டு பார்க்கவும் இளையவர்களைவிட அதிக வெளிச்சம் வேண்டும். அவர் அறையில் பல்ப் கண்ணுக்கு நேரே தெரியாத மாதிரி மறைப்பு உள்ள 3000 கெல்வின் விளக்கும், கட்டிலோரத்தில் கழுத்து வளையும் ஒரு மேஜை விளக்கும் வையுங்கள். ராத்திரியில் நீல வெள்ளை வெளிச்சம் தூக்கத்தைத் தள்ளிப்போடும் என்பதும் உண்மை. அதற்கும் மஞ்சள்தான் நல்லது.

போன் கேமராவை ஸ்லோமோஷனில் வைத்து விளக்கைப் பாருங்கள். பட்டைபட்டையாகத் துடித்தால் டிரைவர் மட்டம். சிலருக்கு அந்தத் துடிப்பால் தலைவலி வரும். அந்த பல்பைப் படிக்கும் இடத்தில் போடவேண்டாம்.

மழைக்காலத்தில் வாசல் விளக்கில் ஈசல் மொய்க்கிறது. எல்இடியிலும் வருகிறதே?
— வாசகர், மன்னார்குடி

பூச்சிகளை அதிகம் இழுப்பது நீலமும் புற ஊதாவும். எல்இடியில் புற ஊதா கிடையாது என்றே சொல்லலாம். ஆனால் 6500 வெள்ளையில் நீலம் நிறைய. வாசலுக்கு 2700 மஞ்சள் போட்டால் நன்றாகக் குறையும். சுத்தமாக நிற்காது. மழை விட்ட அன்று சாயங்காலம் ஒரு மணி நேரம் வாசல் விளக்கை அணைத்தே வையுங்கள்.