ஒரே கோயில் ஆட்களுக்குள் பிணக்கு வந்தால்: கேள்வி பதில்

(யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கப் பங்கொன்றில் நீண்டகாலம் மூப்பராக இருந்தவர் பதில் சொல்கிறார்.)

அண்ணை, எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் பங்குக்கிணறு. மோட்டர் போட்டு இறைப்பதில் சண்டை வந்து ஆறு மாதமாகப் பேச்சில்லை. நேரே சுவாமியிடம் (பங்குத்தந்தையிடம்) போகலாமா?

அவசரப்படாதீர்கள் தங்கச்சி. மத்தேயு 18:15-17இல் ஆண்டவர் சொன்ன ஒழுங்கு இது: முதலில் நீங்களும் அவருமாகத் தனியே பேச வேண்டும். கேட்காவிட்டால் ஒருவர் இருவரோடு போக வேண்டும். அதற்கும் மசியாவிட்டால்தான் திருச்சபை. என்னிடம் வந்தவர்களில் அனேகர் முதல் படியில் கால் வைக்காதவர்கள். விஷயம் சுவாமியின் காதுக்குப் போய்விட்டது என்று தெரிந்தால் மற்றவருக்கு அது மானப் பிரச்சினை ஆகிவிடும், அப்புறம் தண்ணீரைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள்.

கூட்டிப்போகிறவர் இரண்டு வீட்டுக்கும் சொந்தமில்லாதவராக இருக்கட்டும். உங்கள் பக்கத்துக்கு ஆள் சேர்ப்பதற்கல்ல, பேசியதை நேர்மையாகக் கேட்டு வைப்பதற்குத்தான் அவர். கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காலும் காணி உறுதியில் (பத்திரத்தில்) எப்படி எழுதியிருக்கிறது என்பதையும் பார்த்துக்கொண்டு போங்கள்.

அண்ணன் தம்பி காணிப் பிரச்சினையில் சுவாமி சொன்னால் அதுதான் தீர்ப்பா?

இல்லை. அவர் சமாதானம் பேசிவைக்கலாம். ஆனால் காணி கைமாற நொத்தாரிசு முன்னால் உறுதி எழுதியே ஆக வேண்டும், யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையும் இருக்கிறது. 1 கொரிந்தியர் 6இல், சகோதரரோடு சகோதரர் வழக்காடுவதைவிட அநியாயத்தைப் பொறுத்துக்கொள்ளலாகாதா என்று பவுல் கேட்கிறார். அந்த வசனத்தைப் பலமுள்ளவரிடம்தான் நான் சொல்வேன். பங்கை இழந்து நிற்கிற தங்கையிடம் சொல்ல என் மனம் ஒருநாளும் ஒப்பியதில்லை.

கணவர் அடிக்கிறார். "பொறுத்துப் போ, குடும்பம் உடையும்" என்கிறார்கள் கோயில் ஆட்கள்.

பிள்ளை, இது பிணக்கல்ல, குற்றம். மத்தேயு 18ஐக் காட்டி உங்களை அவரோடு தனியே பேச அனுப்புகிறவர் பிழையாகச் சொல்கிறார். முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். பொலிசில் முறையிடுங்கள். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டப்படி நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். உடலுக்கோ உயிருக்கோ ஆபத்து இருந்தால் பிரிந்து வாழத் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டமே (இலக்கம் 1153) இடம் கொடுக்கிறது. உங்களைத் தடுப்பவர்களிடம் அந்த இலக்கத்தைச் சொல்லுங்கள்.

பங்குத்தந்தை எழுத்தில் தந்த முடிவு அநியாயம் என்று நினைக்கிறோம். மேலே போக வழி உண்டா?

உண்டு. ஆயரிடம் முறையிடலாம். முடிவு கையில் கிடைத்ததிலிருந்து 15 நாட்கள்தான் தவணை (திருச்சபைச் சட்டம் 1737), ஆகவே பங்குக் கூட்டம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். நடந்ததைத் திகதியோடு ஒரு பக்கத்தில் எழுதுங்கள், வசை வேண்டாம். சுவாமியிடமும் ஒருமுறை நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள்.

நாங்கள் கத்தோலிக்கர், மற்றவர் தென்னிந்தியத் திருச்சபை. யாரிடம் போவது?

உங்கள் சுவாமிக்கு அவர்மீதோ, அவர்களின் போதகருக்கு உங்கள்மீதோ அதிகாரம் இல்லை. சுவாமி, போதகர் இருவரையும் ஒரே மேசையில் இருத்திப் பேசுங்கள். தேத்தண்ணி உங்கள் வீட்டில் இருக்கட்டும்.