ஆசைப்பட்டு வாங்கிய மாடல் விமானக் கிட்டைத் தொடங்கவே பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

மூன்று வருடம் பணம் சேர்த்து வாங்கிய 1/32 (நிஜ விமானத்தில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு அளவு) விமானக் கிட் வீட்டுக்கு வந்து ஒரு மாதமாகிறது, தினமும் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவைக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். எனக்கு ஏழு மாதம் ஆனது.

என்னுடையது டாமியா என்ற ஜப்பானிய நிறுவனத்தின் 1/32 ஸ்பிட்ஃபயர் மார்க் 9சி, இரண்டாம் உலகப் போர்க்காலத்து பிரிட்டிஷ் சண்டை விமானம். அதுவரை 1/72 அளவில்தான் செய்து பழக்கம், விமானம் கையகலம்தான் இருக்கும். இதில் இறக்கை முனைக்கு முனை 35 சென்டிமீட்டர். பெட்டிக்குள் பிளாஸ்டிக் பிரேம் பிரேமாக, அவற்றோடு ஒட்டியபடி பாகங்கள். மூக்கு மூடியைக் கழற்றினால் தெரிவதற்கு முழு மெர்லின் எஞ்சின், மூடி விழாமல் பிடித்துக்கொள்ளக் குட்டிக் காந்தங்கள், சீட் பெல்ட்டுக்கு மெல்லிய உலோகத் தகடு. இவ்வளவு அருமையாகச் செய்து கொடுத்ததை நம் கையால் கெடுத்துவிடுவோமோ என்ற எண்ணம் வந்துவிட்டால், பாகங்களை வெட்டியெடுக்கும் நிப்பரை எடுக்கவே மனம் வராது.

எனக்கு அந்தப் பயம் விட்டது ரேடியேட்டரால். இறக்கைக்கு அடியில் ஒட்ட வேண்டிய இரண்டு ரேடியேட்டர் பெட்டிகள் ஏன் ஒரே அளவில் இருக்கின்றன என்று தேடிப் படித்தேன். ஸ்பிட்ஃபயரின் முந்தைய வடிவமான மார்க் 5-ல் ஒரு பக்கம் பெரிய ரேடியேட்டர், மறுபக்கம் ஒல்லியான ஆயில் கூலர். 1941-ல் ஜெர்மனியின் ஃபோக்கே-வுல்ஃப் 190 சண்டை விமானம் வந்ததும் மார்க் 5 தடுமாறியது. உடனே ஏதாவது செய்தாக வேண்டும். மார்க் 5-ன் உடலிலேயே இரண்டு கட்ட சூப்பர்சார்ஜர் (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி) கொண்ட மெர்லின் 61 எஞ்சினைப் பொருத்தினார்கள். அதன் சூட்டைத் தணிக்க இரண்டு பக்கமும் பெரிய ரேடியேட்டர் தேவைப்பட்டது. புரொப்பெல்லரும் நான்கு இதழாயிற்று. அவசரத்துக்குச் செய்த அந்த விமானம் 1942 நடுவில் களத்துக்கு வந்தது, கடைசியில் ஐயாயிரத்துக்கும் மேல் தயாரித்தார்கள்.

இதைப் படித்த பிறகு அந்தப் பிரேம்கள் வேறு மாதிரி தெரிந்தன. அதுவரை எல்லாமே வெறும் எண்கள். அப்புறம் இது சூப்பர்சார்ஜர், இது ஆயில் டேங்க், இது பைலட் கால் வைக்கிற பெடல். பெயர் தெரிந்த பொருளைக் கையில் எடுக்க எனக்குத் தயக்கம் இல்லை. (படிக்கும்போது இன்னொன்றும் கிடைத்தது. 1940-ல் இங்கிலாந்து வானில் ஸ்பிட்ஃபயரில் சண்டையிட்ட 234-வது படைப்பிரிவின் பெயரோடு ‘மெட்ராஸ் பிரசிடென்சி’ என்று சேர்ந்திருக்கிறது. நம் மாகாணத்திலிருந்து போன நன்கொடைக்காக வைத்த பெயர். அன்று வெகுநேரம் தூங்கவில்லை.)

உங்கள் விமானம் எதுவானாலும் பைலட் சீட்டில் தொடங்குங்கள். ஸ்பிட்ஃபயரின் சீட் பல விமானங்களில் செம்பழுப்பு நிறத்தில் இருக்கும், உலோகம் இல்லை, பிசினில் ஊறவைத்து அழுத்திய பொருள். சுற்றிலும் சாம்பல் கலந்த பச்சை, நடுவில் இந்த ஒரு செம்பழுப்பு. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய சீட் அது. பிரேமிலிருந்து பாகத்தை ஒட்டி வெட்டாதீர்கள், கொஞ்சம் தள்ளி வெட்டி, மிச்சத்தை இரண்டாவது வெட்டில் எடுத்து, உப்புத்தாளால் தேயுங்கள். நான் பெயிண்ட் அடித்து, உலர்ந்ததும் விளிம்புகளில் பென்சிலால் லேசாகத் தேய்த்தேன். ஆள் ஏறி இறங்கித் தேய்ந்த சீட் மாதிரியே ஆகிவிட்டது. அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பெல்ட்டுக்கான உலோகத் தகட்டை வெட்டும்போது மட்டும் மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். எனக்கு ஒரு பக்கிள் பறந்துவிட்டது. விளக்கை அணைத்து, டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்து அடித்தால் சின்னப் பொருளுக்கும் நீளமான நிழல் விழும். அப்படித்தான் கட்டில் காலடியில் கிடைத்தது.

திருத்த முடியாத தவறுகள் என்று பார்த்தால் மிகக் குறைவு. இடைவெளி விழுந்தால் புட்டி இருக்கிறது, பெயிண்ட் கெட்டால் கழுவிவிட்டு மறுபடி அடிக்கலாம். காக்பிட்டை முடிக்காமல் உடலின் இரு பாதியையும் ஒட்டிவிடாதீர்கள், பிரிப்பது கஷ்டம். கண்ணாடிப் பாகத்தின் அருகில் சூப்பர் குளூ வேண்டாம், அதன் ஆவியே பட்டு வெள்ளையாகப் பூத்துவிடும். அங்கே நம் ஃபெவிகால் போதும். மழை நாளில் லேக்கர் பெயிண்ட் அடிக்க வேண்டாம், ஈரக்காற்றில் பால் படிந்ததுபோல வெளுக்கும். பெயிண்டைக் காற்றோடு தெளிக்கும் ஏர்பிரஷ் பயமாக இருந்தால் ஒரு மலிவான கிட்டை வாங்கி அதில் அடித்துப் பழகுங்கள்.

என்னுடைய ஸ்பிட்ஃபயர் இன்னும் முடியவில்லை. எஞ்சின் வரை வந்திருக்கிறேன், இறக்கைகள் பெட்டியிலேயே இருக்கின்றன. அவசரமில்லை.

சரி, இன்று இரவு அந்தச் சீட்டை மட்டும் வெட்டி எடுங்கள். பெல்ட்டை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.