எழுத்து 5, பைட் 30

கேள்வி: மீன் ஏல பில்லுக்குத் திரையைப் பைதானிலும் அச்சிடும் பகுதியைச் சி மொழியிலும் எழுதியிருக்கிறேன். ஊர்ப் பெயருக்கு 20 பைட் ஒதுக்கி, கொடுத்த அளவுக்குள் எழுதும் சி ஃபங்ஷனான எஸ்என்பிரின்ட்எஃப் கொண்டு நிரப்புகிறேன். ‘கடலூர்’ சரியாகத் திரும்பி வருகிறது. ‘புதுச்சேரி’ என்றால் பைதான் டிகோட் பிழை (பைட்களை எழுத்தாக்க முடியாத பிழை) காட்டி நின்றுவிடுகிறது. ஏன்?
- வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: யுனிகோடில் ‘கடலூர்’ 6 குறியீடுகள். குறியீடுகளைப் பைட்களாகச் சேமிக்கும் யு.டி.எஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 18. முடிவைக் குறிக்கும் பூஜ்ய பைட்டோடு 19, உங்கள் இடத்தில் அடங்கிவிட்டது. ‘புதுச்சேரி’ கண்ணுக்கு 5 எழுத்து, குறியீடு 10, பைட் 30. பூஜ்யத்துக்கு ஒன்றை விட்டு 19 பைட்டோடு வெட்டு விழுகிறது. முதல் 18 பைட் ‘புதுச்’ வரை. அடுத்த ‘ச’வின் முதல் பைட்டான 224 மட்டும் துண்டாகத் தொங்குகிறது. பைதான் தடுக்கி விழுவது அதில்தான்.

நீளம் சொல்லும் பைதானின் லென் 10 என்றுதான் சொல்லும். அதை நம்பி இடம் ஒதுக்காதீர்கள். முதலில் யு.டி.எஃப்-8 ஆக என்கோட் செய்து, வரும் பைட்களை எண்ணி, ஒன்று கூட்டுங்கள்: 31. சி பக்கம் இடத்தின் அளவையும் சேர்த்து வாங்கட்டும். எஸ்என்பிரின்ட்எஃப் திருப்பித் தரும் எண், பூஜ்யம் நீங்கலாகத் தேவைப்பட்ட பைட் கணக்கு. அது இடத்தின் அளவுக்குச் சமமாகவோ மிகுதியாகவோ இருந்தால் வெட்டுப்பட்டது என்று பொருள். பெரிய இடத்தோடு மறுபடி அழையுங்கள்.

வெட்டியே தீரவேண்டும் என்றால், விடுபடும் முதல் பைட் 128 முதல் 191-க்குள் இருக்கும்வரை பின்னோக்கி நகருங்கள். பிழை வராது, ஆனால் ‘சே’, ‘ச’ ஆகிவிட வாய்ப்புண்டு. டிகோட் செய்யும்போது பிழையைப் புறக்கணிக்கச் சொல்வது இன்னும் மோசம்: பில்லில் ‘புதுச்’ என்று அச்சாகும், யாருக்கும் தெரியாது.

கேள்வி: ரஸ்ட் மொழியில் எழுதிய நூலகம் தரும் பெயரைப் பைதானில் வாங்கினால் சில நேரம் குப்பை வருகிறது, சில நேரம் நிரலே விழுகிறது. நினைவகத்தை விடுவிக்கும் சி-யின் ஃப்ரீ போட்டும் பார்த்தேன்.
- மாணவி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: ஃப்ரீயை உடனே எடுத்துவிடுங்கள். ரஸ்ட் ஒதுக்கிய நினைவகத்தை ரஸ்ட்தான் விடுவிக்க வேண்டும். ரஸ்டின் ஸ்ட்ரிங் இறுதியில் பூஜ்ய பைட் கிடையாது; பூஜ்யத்தோடு முடியும் சிஸ்ட்ரிங் ஆக்கி, ரஸ்ட் தானாக விடுவிக்காமல் ஒப்படைக்கும் இன்டூ_ரா மூலம் முகவரியைக் கொடுங்கள். தற்காலிக சிஸ்ட்ரிங்கில் ஆஸ்_பிடிஆர் கொண்டு முகவரி எடுத்தால், அந்த வரி முடிந்ததுமே நினைவகம் போய்விடும். உங்கள் குப்பைக்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

பைதானில் பிறமொழி நூலகத்தை அழைக்க உதவும் சிடைப்ஸ், ரெஸ்டைப் (திரும்பி வருவதன் வகை) சொல்லாவிட்டால் வருவதை இன்ட் (முழு எண்) என்று எடுத்துக்கொள்ளும். 64 பிட் முகவரி 32 பிட்டாகக் குறுகிவிடும். சி_சார்_பி (எழுத்துச் சரத்தின் முகவரி) என்று சொன்னால், சிடைப்ஸ் பைட்களை நகலெடுத்துக் கொடுத்துவிட்டு முகவரியை மறந்துவிடும். பிறகு விடுவிக்க வழியில்லை. ஆகவே சி_வாய்ட்_பி (வெறும் முகவரி) என்றே வாங்குங்கள். ஸ்ட்ரிங்_அட் கொண்டு நகலெடுத்து டிகோட் செய்யுங்கள். அதன்பின் அந்த முகவரியை, உள்ளே ஃப்ரம்_ரா அழைத்து நினைவகத்தை விடுவிக்கும் ரஸ்ட் ஃபங்ஷன் ஒன்றுக்குத் திருப்பி அனுப்புங்கள். அந்த ஃபங்ஷனின் ஆர்க்டைப்ஸிலும் (அனுப்புவதன் வகை) சி_வாய்ட்_பி குறிப்பிடுங்கள்; பலர் விடுவது இதைத்தான், விட்டால் போகும் வழியில் முகவரி மறுபடி குறுகும்.