எந்திரம் வரைந்தால் யார் சரிபார்ப்பது? ஜிஐஎஸ் கேள்வி – பதில்

கேள்வி: செயற்கைக்கோள் படத்தைக் கொடுத்தால் கட்டடம், சாலை, காடு, நீர்நிலை எல்லாவற்றையும் செயற்கை நுண்ணறிவே பிரித்து வரைந்துவிடுகிறது. ஜிஐஎஸ் (புவியியல் தகவல் முறைமை) படிக்கும் நான் இன்னமும் கையால் வரையப் பழகத்தான் வேண்டுமா?

பதில்: ஆயிரக்கணக்கான கட்டடங்களைச் சுற்றிக் கோடு இழுக்கும் வேலை போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மெட்டாவின் ‘செக்மென்ட் எனிதிங்’, ஐபிஎம்மும் நாசாவும் சேர்ந்து தந்த ‘பிரித்வி’ என்ற இரு செயற்கை நுண்ணறிவு மாடல்களும் 2023-இல் வந்தன. கூகுள் டீப்மைண்ட் 2025-இல் வெளியிட்ட ‘ஆல்ஃபாஎர்த்’, ஓர் ஆண்டின் தரவை 10 மீட்டர் கட்டம் ஒன்றுக்கு 64 எண்களாகச் சுருக்கித் தருகிறது. அதன் மேல் சில நூறு மாதிரிப் புள்ளிகளை வைத்தாலே நிலப்பயன்பாட்டு வரைபடம் கிடைத்துவிடும். ஆனால் எந்தப் புள்ளி தோப்பு, எது புதர், எது தரிசு என்று படத்தைப் பார்த்துச் சொல்லத் தெரிந்தவர்தான் அந்த மாதிரிகளைச் சரியாக இட முடியும். கையால் வரைந்து பழகுவது அந்தக் கண்ணைப் பெறுவதற்காக.

இன்னொரு காரணமும் உண்டு. 10,000 ஹெக்டேர் பரப்பில் உண்மையில் 500 ஹெக்டேர் காடு அழிந்திருக்கிறது என்று கொள்வோம். அழிந்த இடம், அழியாத இடம் இரண்டிலும் 95 சதவீதம் சரியாகச் சொல்லும் மாடல் உங்களிடம் இருக்கிறது. அது 500-இல் 475 ஹெக்டேரைப் பிடித்துவிடும். மீதி 9,500-இல் 5 சதவீதத்தை, அதாவது இன்னொரு 475 ஹெக்டேரை, தவறாக ‘அழிந்தது’ என்று குறிக்கும். வரைபடம் காட்டும் மொத்தம் 950 ஹெக்டேர். அதில் பாதி பொய். அரிதான எதைத் தேடினாலும் இதுதான் நடக்கும். பிக்சல்களை எண்ணிப் பரப்பளவு சொல்லாதீர்கள். வரைபடத்தின் ஒவ்வொரு வகைக்குள்ளும் தற்செயலாகப் புள்ளிகள் எடுத்து, தெளிவான படத்திலோ களத்திலோ சரிபார்த்து, அந்தப் பிழை விகிதத்தைக் கொண்டு பரப்பைத் திருத்திய பிறகே எண்ணை வெளியிட வேண்டும்.

பயிற்சிப் புள்ளிகளையும் சோதனைப் புள்ளிகளையும் ஒரே குவியலிலிருந்து குலுக்கிப் பிரிப்பதும் பெரிய தவறு. அருகருகே உள்ள இடங்கள் ஒன்றுபோல இருப்பதால், மாடல் ஏற்கெனவே பார்த்த வயலின் அடுத்த மூலையிலேயே தேர்வு எழுதுகிறது. மதிப்பெண் உயர்ந்துதான் வரும். பரப்பைச் சில கிலோமீட்டர் கட்டங்களாக வெட்டி, முழுக் கட்டங்களையே சோதனைக்கு ஒதுக்குங்கள். மதிப்பெண் குறையும், ஆனால் புதிய இடத்தில் மாடல் எப்படி நடந்துகொள்ளும் என்பதை அதுதான் காட்டும்.

கேள்வி: ஆர்டிகே (செயற்கைக்கோள் சமிக்ஞையை உடனுக்குடன் திருத்தி சென்டிமீட்டர் அளவில் இடம் காட்டும்) கருவியில் ‘ஃபிக்ஸ்’, அதாவது துல்லியமான இடம் கிடைத்துவிட்டது என்று காட்டுகிறது, பிழை 2 சென்டிமீட்டர் என்கிறது. பழைய வரைபடத்தின் மேல் போட்டால் எல்லாப் புள்ளிகளும் ஒன்றரை மீட்டர் தள்ளி விழுகின்றன. கருவி பழுதா?

பதில்: எல்லாப் புள்ளிகளும் ஒரே திசையில், ஒரே அளவு தள்ளியிருந்தால் கருவியைக் குறை சொல்ல வேண்டாம். முதலில் பேஸ் (ஓரிடத்தில் நிலையாக நின்று திருத்தம் தரும் ரிசீவர்) வைத்த இடத்தைப் பாருங்கள். ஆயத்தொலைவு தெரிந்த புள்ளியில் வைக்காமல், தன் இடத்தைத் தானே கண்டுகொள்ளட்டும் என்று பேஸை விட்டிருந்தால், அது ஒன்றிரண்டு மீட்டர் பிழையோடு ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அங்கிருந்து ரோவர் (கையில் கொண்டு நடக்கும் ரிசீவர்) அளப்பதெல்லாம் தங்களுக்குள் சென்டிமீட்டர் துல்லியமாக இருக்கும். மொத்தமாக மட்டும் நகர்ந்திருக்கும். பேஸின் சரியான ஆயத்தொலைவைப் பின்னர் கண்டறிந்தால் எல்லாவற்றையும் ஒரே நகர்த்தலில் திருத்திவிடலாம்.

பேஸ் சரி என்றால் டேட்டத்தை, அதாவது ஆயத்தொலைவுகளுக்கு அடிப்படையான சட்டகத்தை, பாருங்கள். கண்டத்தட்டுகள் நகர்ந்துகொண்டே இருக்கின்றன. ஆஸ்திரேலியா ஆண்டுக்கு ஏறத்தாழ 7 சென்டிமீட்டர் நகர்வதால், அங்கே ஜிடிஏ94 என்ற டேட்டத்திலிருந்து ஜிடிஏ2020-க்கு மாறியபோது ஆயத்தொலைவுகள் சுமார் 1.8 மீட்டர் மாறின. பிழை மீட்டர் கணக்கில் இருந்த காலத்தில் இதை யாரும் பொருட்படுத்தவில்லை. ஐரோப்பாவின் கலிலியோ செயற்கைக்கோள்கள் தரும் இலவச உயர்துல்லியச் சேவை 2023 ஜனவரியில் தொடங்கியது. உரிய ரிசீவர் இருந்தால் பேஸே இல்லாமல் 20 சென்டிமீட்டர் அளவுத் துல்லியம் அதன் இலக்கு. ஆகவே வருங்காலத்தில் ‘எங்கே’ என்பதோடு ‘எந்தத் தேதியில்’ என்பதையும் எழுதாத ஆயத்தொலைவு அரைகுறைதான். டேட்டம், அளந்த தேதி, திருத்தம் தந்த சேவையின் பெயர் மூன்றுக்கும் அட்டவணையில் தனி நெடுவரிசை வையுங்கள்.

உயரத்தில் வரும் குழப்பம் இதைவிடப் பெரிது. ரிசீவர் கணக்கிடுவது, பூமியின் கணித மாதிரியான நீள்வட்டக் கோளத்தின் மேலான உயரம். தண்ணீர் ஓடும் திசையைச் சொல்வது ஜியாய்டு (சராசரிக் கடல்மட்டத்தை ஒட்டிய ஈர்ப்புப் பரப்பு) மேலான உயரம். இந்தியப் பெருங்கடலில் இவ்விரண்டுக்கும் வித்தியாசம் 100 மீட்டரைத் தாண்டும். கடற்கரையில் நிற்கும்போது உயரம் மைனஸில் வந்தால், ஜியாய்டு மாடலைத் தேர்ந்தெடுக்கவில்லை என்று பொருள். வேலை தொடங்கும்போதும் முடிக்கும்போதும் தெரிந்த புள்ளி ஒன்றை அளந்துவிடுங்கள். ரிசீவர் பொருத்திய கம்பத்தின் உயரம் தவறாகப் பதிவானதும், மரத்தடியில் கிடைத்த பொய்யான ‘ஃபிக்ஸும்’ அப்போதே வெளிப்பட்டுவிடும்.

கேள்வி: ட்ரோன் படங்களிலிருந்து முப்பரிமாண மாதிரி செய்தேன். சமதளமான திடல், நடுவில் குவிந்து மேடாக வருகிறது. ஏன்?

பதில்: கேமராவை நேர் கீழே பார்க்க வைத்து, இணையான வரிசைகளில் மட்டும் பறந்திருப்பீர்கள். மென்பொருள் லென்ஸின் வளைவைப் படங்களிலிருந்தே கணக்கிடுகிறது. எல்லாப் படங்களும் ஒரே உயரத்திலிருந்து ஒரே கோணத்தில் இருந்தால், லென்ஸ் வளைவில் நேரும் சிறு பிழையையும் தரையின் வளைவையும் அதனால் பிரித்தறிய முடியாது. மிச்சப் பிழை தரையில் குவிந்தோ குழிந்தோ தெரியும். மருந்து இதுதான்: குறுக்குத் திசையில் சில வரிசைகள் பறந்து, கேமராவை 20 முதல் 30 டிகிரி சாய்த்து ஒரு தொகுதி எடுங்கள். தரைக் கட்டுப்பாட்டுப் புள்ளிகள் (தரையில் குறியிட்டுத் துல்லியமாக அளந்த இடங்கள்) ஓரத்தில் மட்டும் இருந்தால் போதாது, நடுவிலும் வேண்டும். ஐந்துக்குக் குறையக் கூடாது. அவை தவிர, கணக்கில் சேர்க்காத சோதனைப் புள்ளிகள் சிலவும் தேவை. ஒரு ஹெக்டேரில் உயரம் சராசரி 5 சென்டிமீட்டர் தவறினால் மண் அளவில் 500 கன மீட்டர் வித்தியாசம் வந்துவிடும்.

பறக்கும் உயரத்தைக் கணக்குப் போட்டே முடிவு செய்யுங்கள். 13.2 மில்லிமீட்டர் அகல சென்சார், 8.8 மில்லிமீட்டர் குவியத்தூரம், 5,472 பிக்சல் அகலப் படம் என்றால் 100 மீட்டர் உயரத்தில் ஒரு பிக்சல் தரையில் 2.7 சென்டிமீட்டர். ஒரு படம் 150-க்கு 100 மீட்டர் பரப்பைப் பிடிக்கும். முன்பின் 75 சதவீதமும் பக்கவாட்டில் 65 சதவீதமும் ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டுமென்றால் 25 மீட்டருக்கு ஒரு படம், 52 மீட்டருக்கு ஒரு வரிசை. ஹெக்டேருக்கு ஏறத்தாழ 8 படங்கள். ஓரங்களுக்குக் கூடுதலாக வரும்.

இப்போது பரவிவரும் ‘காசியன் ஸ்பிளாட்டிங்’ (படங்களிலிருந்து மங்கலான வண்ணத் துளிகளால் முப்பரிமாணக் காட்சி அமைக்கும் முறை) காட்சிகள் கண்ணைப் பறிக்கும். பார்வைக்குக் காட்ட அவை அருமை. அளவெடுக்க மட்டும், முப்பரிமாணப் புள்ளிகளின் தொகுப்பான புள்ளித்திரளையே நம்புங்கள்.

கேள்வி: ஐரோப்பியச் செயற்கைக்கோளான சென்டினல்-2 தரும் படங்களில் தாவரக் குறியீடு (அகச்சிவப்புக்கும் சிவப்புக்கும் உள்ள வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்த எண்) 2022 தொடக்கத்திலிருந்து திடீரென இறங்குகிறது. வறட்சி எதுவும் இல்லையே?

பதில்: 2022 ஜனவரி 25 முதல் படங்களைத் தயாரிக்கும் முறை 04.00-ஆவது பதிப்புக்கு மாறியது. ஒவ்வொரு மதிப்பிலும் 1,000 கூட்டப்பட்டு வருகிறது. சிவப்பு 400, அகச்சிவப்பு 4,000 இருந்த இடம் இப்போது 1,400, 5,000 என்று வரும். கழிக்காமல் கணக்கிட்டால் 0.82 இருக்க வேண்டிய குறியீடு 0.56 ஆகிவிடும். தேதியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பழைய படங்களும் புதிய முறையில் மீண்டும் தயாரிக்கப்பட்டு வருகின்றன. கோப்புப் பெயரில் ‘N’ எழுத்துக்குப் பின் உள்ள நான்கு இலக்கங்கள் 0400 அல்லது அதற்கு மேல் என்றால் 1,000-ஐக் கழியுங்கள். சில தளங்கள் தாங்களே கழித்துத் தருவதால், விளக்கக் குறிப்பைப் படிக்காமல் இரண்டாம் முறை கழித்துவிட வேண்டாம்.

கேள்வி: மேகம் மூடிய நாட்களில் என்ன செய்வது?

பதில்: ரேடார் படம்தான் வழி. சென்டினல்-1 சுமார் 5.6 சென்டிமீட்டர் அலையில் பார்க்கிறது. 2025 ஜூலை 30-இல் ஏவப்பட்ட, நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்த நிசார், 24 சென்டிமீட்டர் அலையையும் பயன்படுத்துவதால் இலைகளை ஊடுருவிக் கீழே போகும். வெள்ளம் தேங்கிய இடம் கறுப்பாகத் தெரியும். காற்றடித்து அலை எழுந்தால் அதே தண்ணீர் வெளுத்துவிடும் என்பதை மறக்காதீர்கள்.

கேள்வி: ஷேப்ஃபைலில் (வரைபடத் தரவுக்கான பழைய கோப்பு வடிவம்) தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாகின்றன. எதற்கு மாறலாம்?

பதில்: நெடுவரிசைத் தலைப்புக்கு அதில் 10 பைட்தான் இடம். யூடிஎஃப்-8 என்ற எழுத்துச் சேமிப்பு முறையில் ‘பெயர்’ என்ற ஒரு சொல்லே 15 பைட். கோப்பு 2 ஜிபியைத் தாண்டினாலும் சிக்கல். அன்றாட வேலைக்கு ஜியோபேக்கேஜ் போதும். ஒரே கோப்பு, தமிழும் சிதையாது. அது திறந்திருக்கும்போது பக்கத்தில் ‘-wal’ என்று முடியும் துணைக்கோப்பு ஒன்று தோன்றும். கடைசித் திருத்தங்கள் அதில்தான் இருக்கலாம். மென்பொருளை மூடிய பிறகே நகலெடுங்கள். பலர் ஒரே நேரத்தில் திருத்தும் அலுவலகத்துக்குப் போஸ்ட்ஜிஐஎஸ் என்ற தரவுத்தளம் வேண்டும். கோடிக்கணக்கான வரிகளுக்கு ஜியோபார்க்கே (GeoParquet) என்ற கோப்பு வடிவம்; திறந்த வரைபடத் தரவு தரும் ஓவர்ச்சர் அமைப்பு தன் தரவை இந்த வடிவில்தான் தருகிறது.

கேள்வி: சாட்பாட்டிடம் தமிழிலேயே கேட்டால் பைத்தான் நிரல் எழுதிக் கொடுக்கிறது. நம்பலாமா?

பதில்: ஓடுகிற நிரல் என்பதற்காக விடை சரியாகிவிடாது. அடிக்கடி வரும் பிழைகள் மூன்று. டிகிரியில் இருக்கும் தரவுக்கு அப்படியே பரப்பு கணக்கிடுவது முதலாவது. இணைய வரைபடங்களின் மெர்க்கேட்டர் வீழ்ப்பில் (உருண்டைப் பூமியைத் தட்டையாக வரையும் ஒரு முறை) பரப்பு எடுப்பது இரண்டாவது. 45 டிகிரி அட்சரேகையில் அது இருமடங்கு காட்டும், 60 டிகிரியில் நான்கு மடங்கு. அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறுவது மூன்றாவது. உங்கள் தரவு இருக்கும் பகுதியில், தரையில் சரியாக 1 கிலோமீட்டர் பக்கமுள்ள சதுரம் ஒன்றை அதற்குரிய யூடிஎம் (மீட்டரில் அளக்கும் ஒரு வீழ்ப்பு) மண்டலத்தில் வரைந்து, உங்கள் தரவின் வீழ்ப்புக்கு மாற்றி, முதலில் அதை அந்த நிரலுக்குள் செலுத்துங்கள். 100 ஹெக்டேருக்குப் பக்கத்தில் வராத நிரலிடம் உங்கள் தரவைக் கொடுக்காதீர்கள்.